பாதிக் கட்டளை

மைதானத்தின் ஓரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஷாமியானா, நாற்காலிகள், குடும்பத்தார் நாங்கள். அந்தப் பக்கம் என் கணவரின் பட்டாலியன் முழுவதும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது.

வடக்கே நல்ல குளிர்காலம். வாயைத் திறந்தால் புகை வந்தது. போன வாரம் எழுதிய அந்த நீண்ட ரயில் பயணம் முடிந்து நாங்கள் வந்து சேர்ந்ததே இந்தக் காலைக்காகத்தான். பட்டாலியன் தொடங்கிய நாளை ஆண்டுதோறும் அணிவகுப்பு வைத்துக் கொண்டாடுவார்கள். குடும்பங்களும் வரலாம்.

என் மடியில் இனியா. மூன்று வயது நிறையப் போகிறது. அன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.

அவளை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். இறங்கி ஓடிவிடுவாளோ, கோட்டைத் தாண்டிவிடுவாளோ, எல்லார் முன்னாலும் அழுவாளோ என்று எனக்கு ஆயிரம் யோசனை. அவளுடைய வெள்ளை ஷூக்கள் என் பட்டுப்புடவைக்கு மேலே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

பக்கத்து நாற்காலியில் மாமியார்.

"ஏம்மா வனிதா, இத்தினி பேர் நிக்கறாங்களே, ஒருத்தனாச்சும் மூக்கைச் சொறியறானா பாரேன்."

"மெல்லப் பேசுங்க அத்தை."

"நான் பேசினா அவங்களுக்கு இன்னா? அவங்கதான் திரும்பவே மாட்டாங்களே."

மைதானத்தின் நடுவே தனியாக நின்ற மேஜர் முகத்தை நிமிர்த்தினார். அவர் குரல் எதிர்ப்பக்க மரங்கள் வரை போய்த் திரும்பியது.

"பரேட்… சாவ்…"

அந்த இடத்தில் நிறுத்தினார்.

அந்த நிறுத்தத்தைப் பற்றி எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் பூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பத்துப் பல்

இந்தத் தொடரைப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "பட்டாளம் என்றால் மேலே இருப்பவர் கத்துவார், கீழே இருப்பவர் ஓடுவார், அவ்வளவுதானே?"

நானும் கல்யாணமாகி வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எம்.எஸ்ஸி., பி.எட். படித்து, ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்தவள். ஆனால் கணவர் ஹவில்தார் என்றால் அது எந்தப் படிக்கட்டு என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

அணிவகுப்புக்கு முந்தின நாள் குடும்பக் குடியிருப்பின் சின்னச் சமையலறையில் இவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இனியா அவருடைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டே விட்டேன்.

"இதோ பாரு," என்று ஒரு முழுப் பூண்டை எடுத்துக் காட்டினார். "உள்ள பத்துப் பல்லு இருக்கும்னு வெச்சுக்கோ. அதான் என் செக்‌ஷன். நானும் அதுல ஒரு பல்லுதான், என் பேச்சை மத்தவங்க கேக்கணும், அவ்ளோதான்."

இன்னும் இரண்டு பூண்டுகளைப் பக்கத்தில் வைத்தார்.

"மூணு சேர்ந்தா பிளட்டூன். அதைச் சுபேதார் சாப் பார்த்துக்குவாரு. மூணு பிளட்டூன் ஒரு கம்பெனி, மேஜர் சாப் கைல. அந்த மாதிரி நாலு கம்பெனி. அப்புறம் சமையல், வண்டி, வயர்லெஸ்ஸுன்னு தனி ஆளுங்க. எல்லாத்துக்கும் மேல கர்னல் சாப்."

"கர்னல் உங்ககிட்ட நேரா வேலை சொல்ல மாட்டாராங்க?"

"நேர்ல பார்த்தா பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. ஊரு எப்டி இருக்குது, பாப்பா எப்டி இருக்குதுன்னு கேப்பாரு. வேலை மட்டும் சொல்ல மாட்டாரு. அது படிப்படியாத்தான் எறங்கி வரும். அவரே நேரா எனக்குச் சொல்லிட்டாருன்னா நடுவுல மேஜரும் சுபேதாரும் எதுக்கு? நாளைக்கு அவங்க சொல்றதுக்கு இன்னா மரியாதை?"

"ஏன் பத்துப் பேர்? இருபது பேர் வெச்சுக்கக் கூடாதா?"

சிரித்தார். "சண்டை சத்தத்துல என் குரல் எவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கற? அதுவும் இல்லாம, காலையில மூஞ்சியைப் பார்த்ததும் இவன் நேத்து தூங்கல, இவன் வீட்ல ஏதோ பேஜாரு, இவனுக்குக் கால் வலின்னு தெரியணும். பத்துக்கு மேல போனா மூஞ்சி மறந்து பூடும்."

நான் அந்தப் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடு முழுவதும் எத்தனையோ ஆயிரம் பேர். ஆனாலும் ஒவ்வொருவருடைய முகத்தையும் காலையில் பார்ப்பதற்கென்று ஒருவர் இருக்கிறார். அந்த ஒருவர் முகத்தைப் பார்க்க இன்னொருவர். இத்தனை பெரிய சேனை முகம் பார்க்கிற தூரத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் நிமிராமல் ஒரு பல்லை எடுத்துத் தனியாக வைத்தார். "அடுத்தவன் எடுத்துக்குவான். அவனும் போனா அதுக்கு அடுத்தவன். யாரையும் கேக்க வேணாம், யாருன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். ரெண்டே பேர் டீ குடிக்க நடந்து போனாக்கூட அதுல ஒருத்தன் சீனியர். அந்த இடம் காலியாவே இருக்காது."

பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். நான் அவர் தனியாக வைத்த பல்லை எடுத்து மற்ற பற்களோடு சேர்த்துவிட்டு, ரசத்துக்குப் புளி கரைக்கப் போனேன்.

எல்லாரும் கமாண்டர்கள்

சேவூரில் எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. அங்கே எல்லாரும் கமாண்டர்கள்.

முன்னறையில் பட்டுக் கைத்தறி. பின்னால் கொட்டகையில் விசைத்தறிகள். காலையில் மோட்டார் போட்டதும் வீடே பஸ் எஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி அதிர ஆரம்பிக்கும். ஆகவே எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். மாமியார் ஒரு கையில் போனில் வியாபாரியிடம் ஜரிகை விலை பேசிக்கொண்டே, மறு கையால் எனக்கு அடுப்பைக் காட்டி, கண்ணால் கொட்டகை ஆளுக்கு வேலை சொல்வார்.

இனியா பானைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் போதும். மாமியார் தண்ணீர் மொண்டு வருவார். அதற்குள் மாமனார் பால் கொடு என்பார். நான் ஏதோ பசி என்று சோற்றோடு நிற்பேன். அந்தக் குழந்தைக்கு வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இரண்டு வயது தாண்டியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தறிச் சத்தத்தில் காது போய்விட்டதோ? கர்ப்பமாக இருந்தபோது நான் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்ததாலோ? சாப்பாடு ஊட்டும்போது போனைக் காட்டியதாலோ? ஒரு காரணம் ஓய்ந்தால் இன்னொன்று எழும். அவள் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பேன். திரும்புவாள். தற்செயலாகத் திரும்பினாளோ என்று மறுபடியும் தட்டுவேன்.

கடைசியில் வேலூருக்குக் கூட்டிப் போனோம். பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டுப் பேச்சு டாக்டர் அம்மா சொன்னார்: "காது அருமையா இருக்கு. எல்லாம் புரியுது. நீங்க அவளுக்குப் பதிலா பேசிடறீங்க. இனிமே பாதி சொல்லி நிறுத்துங்க. மீதியை அவ சொல்ற வரைக்கும் காத்திருங்க."

கேட்க எவ்வளவு சுலபம்! வீட்டுக்கு வந்து டம்ளரைக் காட்டி, "தண்…" என்று நிறுத்துவேன். இனியா என் வாயையே பார்ப்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முடியாது. "…ணி! தண்ணின்னு சொல்லு கண்ணு!" என்று நானே கொட்டிவிடுவேன்.

மாமியாருக்கு அந்தப் பாதி நேரம்கூடத் தாங்காது. "நீ பாதி சொல்லி நிறுத்தறதுக்குள்ள கொழந்தைக்கு நாக்கு வறண்டு பூடும். இது இன்னா வைத்தியம்?" என்று டம்ளரை வாயில் வைத்துவிடுவார்.

எங்கள் வீட்டில் காத்திருக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் போனுக்குள் இருந்தார்.

வீடியோ காலில் இவருக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு. பாட்டுப் பாடவோ கதை சொல்லவோ இவருக்கு வராது. தெரிந்ததை வைத்து விளையாடினார்: 'சாவ்தான்' என்றால் காலைச் சேர்த்து விறைத்து நிற்க வேண்டும், 'விஷ்ராம்' என்றால் காலை அகட்டித் தளர்ந்து நிற்கலாம். நூல் கண்டு ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைப்பேன். "இனியா… சாவ்…" என்பார். அவ்வளவுதான், அப்படியே நிற்பார்.

முதல் முறை நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்துப் போனைத் தட்டினேன். இவர் கண் இமைத்ததைப் பார்த்தபிறகுதான் காத்திருக்கிறார் என்று தெரிந்தது.

இனியா யோசிப்பாள். பிறகு இரண்டு காலையும் டக்கென்று சேர்த்து நிற்பாள். அப்போதுதான் இவர் "தான்!" என்று முடிப்பார். அடுத்தது "விஷ்…" காலை அகட்டுவாள், பாதி நாள் தடுமாறி விழுவாள். "ராம்!" வாயிலிருந்து மட்டும் சத்தம் வராது. எல்லாப் பதிலும் காலில்தான்.

"பொம்பளப் புள்ளையைப் பட்டாளத்துக்குத் தயார் பண்றியாடா?" என்று மாமியார் போனுக்குள் எட்டிப் பார்ப்பார்.

"உன்ன மாதிரி கமாண்டர்கிட்ட வளந்துகினு இருக்குது, சும்மா இருக்குமாம்மா?"

ஒருநாள் நான் கேட்டேன், "எதுக்குங்க அந்தப் பாதியில நிறுத்தறீங்க?"

"அங்கதான் விஷயமே இருக்குது வனிதா. முதல் பாதியைக் கேட்டதும் இன்னா செய்யப் போறோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஆனா செய்யக் கூடாது. ரெண்டாவது பாதி வர்ற வரைக்கும் உடம்பு முழுக்கக் காதாயிடும். அப்பதான் எல்லாக் காலும் ஒண்ணா விழும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெக்ரூட்டா இருக்கச்ச ஒரே மைதானத்துல ஏழெட்டு அணி நிப்போம். ஒவ்வொண்ணுக்கும் பயிற்சி குடுக்க ஒரு உஸ்தாத். எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. பக்கத்து உஸ்தாத் குரலுக்குக் கால் அசைஞ்சிதோ, போச்சு, மைதானத்தைச் சுத்தி ஓடணும். நம்ம ஆள் குரலுக்கு மட்டும்தான் அசையணும்."

எனக்கு முழுதாகப் புரியவில்லை. மாமியாருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இதுல இன்னா இருக்குது? எல்லாத் தறியும் ஓடச்சொல்ல எந்தத் தறியில இழை அறுந்துதுன்னு இங்க இருந்தே நான் சொல்ல மாட்டேனா?"

"பரேட்… சாவ்…"

மறுபடியும் மைதானத்துக்கு வருகிறேன்.

மேஜர் நிறுத்தினார். முதல் தடவையாக அந்த நிறுத்தத்தை நேரில் பார்த்தேன். போனில் அது ஒருவருடையதாக இருந்தது. இங்கே ஒரு பட்டாலியனே அதற்குள் நின்றது.

எதுவும் அசையவில்லை. ஆனாலும் ஏதோ நடந்துவிட்டிருந்தது. வரிசை வரிசையாக நின்ற அத்தனை முதுகுகளும் ஓர் இழை நிமிர்ந்த மாதிரி இருந்தது. பாவு நூலை இழுத்துக் கட்டும்போது தொய்வு போய் விறைக்குமே, அந்த விறைப்பு. கண்ணுக்கு இப்போது முந்தின நாள் பூண்டுகள் தெரிந்தன. இது ஒரு பத்து, அது ஒரு பத்து, அந்த மூன்றும் சேர்ந்து ஒன்று, அதன் பின்னால் அவர்களுடைய சுபேதார். முன் வரிசையில் வலது ஓரம் இவர். அத்தனை பேரும் தெரிந்த ஒன்றைச் செய்யாமல் பிடித்து வைத்திருந்தார்கள்.

இனியாவுக்கும் தெரிந்த ஒன்றுதான் அது.

என் மடியில் அவள் உடம்பு விறைத்தது. கால்களைச் சேர்க்கப் பார்க்கிறாள். நான்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேனே! தரை எட்டவில்லை. ஷூக்கள் காற்றில் துழாவின. ஒரு முறை, மறுமுறை. பதில் போக வழியில்லை. அவள் வாய் திறந்தது.

"தான்!"

கணீரென்று, அவ்வளவு பெரிய அமைதிக்குள், என் மகளின் முதல் சொல்.

என் கை அவள் வாயைப் பொத்தப் போனது. எந்த வாய் திறக்காதா என்று நாளெல்லாம் ஏங்கினேனோ, அந்த வாயை. பாதி வழியில் என் கை நின்றுவிட்டது. ஏனென்றால் எதிரே ஒருவர்கூட அசையவில்லை. ஒரு தொப்பி திரும்பவில்லை, ஒரு குதிகால் நகரவில்லை. அவள் சொன்னது சரியான சொல், சரியான நேரம். ஆனால் அது அவர்களுடைய கமாண்டரின் குரல் இல்லை.

குழந்தையின் குரல் மரங்களில் மோதி அடங்கும் வரை மேஜர் காத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிறகு அவருடைய "தான்!" வந்தது. அத்தனை பூட்ஸ்களும் ஒரே சத்தமாக விழுந்தன. என் நாற்காலியின் கால் வழியாக அது மேலேறியதை முதுகில் உணர்ந்தேன்.

இனியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மைதானமே தன் பேச்சைக் கேட்டது என்ற நினைப்பு அவள் முகத்தில்.

"பேசிச்சும்மா! வனிதா, பாப்பா பேசிச்சு!" மாமியாருக்குக் கண்ணீர் கொட்டியது. அடுத்த நொடி கோபம். "ஒருத்தன் திரும்பறானா பாரு. பெத்தவன்கூடத் திரும்ப மாட்றான்!"

ஆமாம். அவரும் திரும்பவில்லை. அவருக்குக் கேட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. கேட்டும் திரும்பவில்லையா? அப்படியும் ஒரு மனிதரால் முடியுமா? கோபப்படுவதா, கும்பிடுவதா என்று புரியாமல் அவருடைய தொப்பியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வருகிறவர்

அணிவகுப்பு முடிந்து ஷாமியானாவில் டீயும் ஜிலேபியும் வந்தன. இனியாவைக் கீழே இறக்கிவிட்டுக் கெஞ்ச ஆரம்பித்தேன். "இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு. சாவ்… சொல்லு, தான்!" மாமியார் ஜிலேபியைக் காட்டினார். அவள் ஜிலேபியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஒரே ஒரு தடவைதானா? வந்தது போய்விட்டதா?

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இவருடைய செக்‌ஷன் பையன்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டும்போது குனிந்து, "பாப்பா பேசிடிச்சு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எல்லாரும் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார்கள்.

மீசை நரைத்த சுபேதார் வந்தார். "நீதான் பிரபு வூட்டம்மாவா? நமக்குப் போளூரும்மா."

மாமியார் விடவில்லை. "எங்க எம்புள்ள? கொழந்த பேசினதுகூட அவன் காதுல ஏறலையா?"

"ஏறாம? நான் அவனுக்குப் பின்னாடிதாங்க நின்னுகினு இருந்தேன். பாப்பா கத்தினதும் அவன் கழுத்து நரம்பு ஒண்ணு துடிச்சிது பாருங்க, அப்டி ஒரு துடிப்பு. தலை மட்டும் திரும்பல." அவர் டீயை ஆற்றினார். "துப்பாக்கிங்கள எண்ணி உள்ள வெச்சு, அவன் பசங்க எல்லாரும் டீக்கு வந்தப்புறம்தான் அவன் வரணும். வருவான், இருங்க."

கடைசியில்தான் வந்தார். ஓடி வரவில்லை. எங்களுக்குச் சில அடிகள் முன்னாலேயே நின்றுவிட்டார். குதிகால்களைச் சேர்த்தார். கைகளை இரண்டு பக்கமும் ஒட்டினார். மகளைப் பார்த்து,

"இனியா… சாவ்…"

நிறுத்தினார்.

இப்போது அவள் தரையில் நின்றாள். வெள்ளை ஷூக்கள் டக்கென்று சேர்ந்தன. சத்தம் இல்லை. போனில் என்றால் இந்த இடத்தில் இவர் "தான்" சொல்லி முடித்துவிடுவார். இன்று முடிக்கவில்லை. மோவாய் நிமிர்ந்தபடி அப்படியே நின்றார்.

"சொல்லு பாப்பா, த…" என்று மாமியார் ஆரம்பித்தார். என் நாக்கு நுனியிலும் அதே எழுத்து. நான் மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அத்தை, இருங்க."

அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் என்னைப் பார்த்தார். இருந்தார். சுபேதார் டம்ளரைக் கீழே வைத்தார்.

இவருடைய கண்ணில் நீர் தேங்கி, விளிம்பு தாண்டிக் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. அப்படி நிற்கும்போது கையைத் தூக்கக் கூடாது. இனியா அதைக் கவனித்தாள். ஜிலேபிப் பாகு ஒட்டிய விரலை வாயிலிருந்து எடுத்தாள். அப்பாவை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள்.

"விஷ்…" என்றாள்.

நிறுத்தினாள்.

யாரும் அசையவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

"ராம்."

இவருடைய இடது கால் நகர்ந்தது. அன்று அந்த மைதானத்தில் அவள் குரலுக்கு அசைந்த ஒரே கால் அது.